ஓடினது ஆர்?

1

இந்தப் பங்குனியோடு நான் லண்டனுக்கு வந்து பதினைந்து வருடம். இவ்வளவு காலத்தில் திருகோணமலைத் தமிழால் எனக்கு வந்த சங்கடங்களெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவைதான். வேலையிடத்தில் என்னோடு இருக்கும் மதுரைக்காரப் பெண்ணிடம் "கதிரையிலை இருங்கோ" என்றால், கொஞ்சம் யோசித்துத்தான் உட்காருவார். முடியாது என்பதற்கு "ஏலாது" என்றால் எதை ஏலம் போடுகிறீர்கள் என்று கேட்பார். என் பதின்மூன்று வயது மகள் அபி, நானும் அவரும் பேசுவது இரண்டு வேறு மொழிகள் என்று வெகுகாலம் நம்பியிருந்தாள்.

ஆனால் இந்த வருடம் எங்கள் ஊர் வினைச்சொல் ஒன்று ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது. அதைத் தடுக்க ஒரு ஆள் வாய் திறக்கவேண்டி இருந்தது. அந்த ஆள் நான். ஊரில் இருக்கிறவர்கள் இதை அரைகுறையாகக் கேள்விப்படுவதற்கு முன்னால், முழுதாக என்னிடமிருந்தே கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

அந்த மனிதரின் பெயர் ரஸ்மி. கிண்ணியா ஆள். லண்டனில் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறிப் பெட்டி ஏற்றி இறக்கும் வான் ஓடுகிறவர். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கடையின் பின்வாசலில் யாரோ தொலைபேசியில் "இண்டைக்கு ஏலாது, நாளைக்குத்தான்" என்று சொல்வது கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். பெட்டிகளுக்கு நடுவில் ரஸ்மி நின்றார். இருவரும் ஊரில் ஒரே ரியூசன் வகுப்பில் படித்தவர்கள். அன்று முதல் இரண்டு குடும்பமும் சிநேகம். நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். சின்ன வயதில் "நீ" என்று கதைத்தவர்கள், இங்கே "நீங்கள்" ஆகிவிட்டோம்.

போன ஐப்பசியில் ரஸ்மி ஒரு சந்தியில் வானைத் திருப்பும்போது கடையின் விலாசம் பார்க்க ஃபோனைக் குனிந்து பார்த்தார். அந்த ஒரு கணத்தில் சைக்கிளில் வந்த பெண் ஒருவர் அடிபட்டு விழுந்தார். தோள் எலும்பு முறிந்துவிட்டது. ரஸ்மி தன் ஜக்கற்றைக் கழற்றி அவர் தலைக்குக் கீழே வைத்து, அம்புலன்சுக்கு ஃபோன் அடித்து, பொலிஸ் வரும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். "ஃபோனைப் பாத்தது பிழைதானே, அதை எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது" என்று என் கணவர் சுதனிடம் சொன்னாராம்.

தண்டனை சொல்லுவதற்கு முன், ஆள் எப்படிப்பட்டவர் என்று அறிக்கை ஒன்று தயாரிக்கச் சொன்னார்கள். அதற்காக ஒரு பெண் அதிகாரி ரஸ்மியைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் ரஸ்மியிடம் உண்டு. வழக்கு விசயம் என்பதால் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தார். தொலைபேசியில் ஒருவர் வந்தார். நல்ல மனுசன், தமிழ்நாட்டுக்காரர். சின்ன வயதில் ஏதாவது பிரச்சினையில் மாட்டியிருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். எங்கள் ஊர் ஆளிடம் இப்படிக் கேட்டால் கதை வராமல் இருக்குமா? பதினைந்து வயதில் ஒரு ஓட்டோவை எடுத்ததையும், அதனால் கோட்டில் நீதவான் முன்னால் நின்றதையும் ரஸ்மி சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மனைவி நஸீரா அந்த அறிக்கையோடு எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புப் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. அவர் வாசிச்சிட்டு ஒண்டும் பேசுறாரில்ல."

வாசித்தேன். பதினைந்து வயதில் இவர் ஒரு வீட்டுக்குள் புகுந்து சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, எடுத்து, வாகனத்தைத் திருடி, தெருவில் ஒருவரை அடித்துவிட்டு, ஓடிவிட்டார் என்று இருந்தது. வாகனத்தோடு சம்பந்தப்பட்ட இதே மாதிரியான நடத்தை முன்பும் இருந்திருக்கிறது என்று கீழே ஒரு வரி.

எனக்கு உடனே விளங்கியது. ரஸ்மி சொல்லியிருப்பது இதுதான்: "ஓட்டோவை எடுத்து ஓடினனான். ஓடேக்கை ஒரு ஆளை அடிச்சுப்போட்டன்." எங்கள் பேச்சில் வாகனத்தை ஓட்டுகிறவர் இல்லை, ஓடுகிறவர்தான் இருக்கிறார். வாகனம் ஆளில் மோதினாலும் அடித்தது என்றுதான் சொல்வோம். அந்த மொழிபெயர்ப்பாளருக்கோ அடித்தால் அடிதான், ஓடினால் ஓட்டம்தான். அவரில் ஒரு பிழையும் இல்லை.

நஸீராவுக்கு அதை விளங்கப்படுத்தியபோது அழுகையோடு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை. அந்த அறிக்கையில் இன்னொரு பிழையும் இருந்தது. அது மொழிபெயர்ப்பாளர் விட்ட பிழை இல்லை.

3

அந்த ஓட்டோ என் அப்பாவினுடையது.

சமாதான காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஒரு பெரிய வெள்ளைப் பயணிகள் கப்பல் வந்திருந்தது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்து கதைத்தது. என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அப்பாவைக் கரைச்சல்படுத்தினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று நாள் சொன்னார். நாலாம் நாள் கப்பல் போய்விடும் என்று ரியூசனில் கதை அடிபட்டது. அன்று மத்தியானம் வகுப்பு முடிந்து ரஸ்மியும் நானும் எங்கள் ஒழுங்கை வழியாக வந்தோம். அப்பா சாப்பிட்டுவிட்டு நித்திரை. ஓட்டோ வாசலில் நிற்கிறது. ரஸ்மிக்குத் தன் மாமாவின் ஓட்டோவைக் கிண்ணியா மணலில் ஓடின பழக்கம் உண்டு. ஓடத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். ஆணியில் தொங்கிய அப்பாவின் சேட்டுப் பொக்கற்றுக்குள் கைவிட்டுத் திறப்பை எடுத்து வந்து அவனிடம் கொடுத்தது நான்.

பின்சீற்றில் இருந்து கப்பல் பார்க்கப் போனேன். உள்துறைமுக வீதி வரைக்கும் ரஸ்மி நன்றாகவே ஓடினான். எங்கள் பட்டினத்து மான்களைத் தெரியும்தானே, ஆளுக்கும் பயமில்லை, வாகனத்துக்கும் பயமில்லை. ஒன்று சாவகாசமாகத் தெருவைக் கடந்தது. அதற்கு விலக்க, எதிரே சைக்கிளில் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டு வந்த ஐஸ்பழக்காரரில் ஓட்டோ மோதியது. பிறகு அப்படியே கரையில் இறங்கி, முன்சில்லு கடலுக்குள் நின்றது. ஐஸ்பழம் தெருவெல்லாம் சிதற, எங்கிருந்தோ வந்த சின்னப்பிள்ளைகள் பொறுக்கத் தொடங்கினார்கள். அந்த மனுசன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து, ஐஸ்பழம் போகுது, ஐஸ்பழம் போகுது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ரஸ்மி என்னைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"நீ போ. உன்னை இதிலை கண்டா கதை வேறை மாதிரிப் போகும்."

அவன் சொன்னது சரிதான். ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையும் ஒரு முஸ்லிம் பையனும் மத்தியானத்தில் ஒரே ஓட்டோவில் போனால், அது கப்பல் பார்க்கப் போன கதையாக ஊரில் நிற்காது. நான் ஓடினேன். மதுரைக்காரருக்கும் விளங்குகிற ஓட்டம், கால்களால். வீட்டில் வந்து விஞ்ஞானப் புத்தகத்தை விரித்துவைத்து அதன் முன்னால் இருந்தேன்.

அப்பா எழும்பி ஓட்டோவைக் காணாமல் பொலிசுக்குப் போனார். அங்கே போய்த்தான் தெரிந்தது: ரஸ்மி ஐஸ்பழக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மருந்து கட்டும்வரை கூட நின்று, அங்கேயே பொலிசிடம் பிடிபட்டிருந்தான். திறப்பு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். வீட்டுக்குள் போய்ச் சேட்டுக்குள்ளிருந்து எடுத்ததாகச் சொன்னான். அதோடு ஒரு விளையாட்டுக் குற்றம் வீடு புகுந்த களவாக வளர்ந்தது. அப்பா முறைப்பாட்டை மீளப்பெற மறுத்துவிட்டார். ரஸ்மியின் வாப்பா இரண்டு தரம் பாதை ஏறி வந்து கெஞ்சினார். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை; ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இழுக்கிற மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். அவர் எங்கள் விறாந்தையில் நின்று கதைத்ததை உள்ளே இருந்து கேட்டேன். வெளியே வரவில்லை.

நீதவான் ரஸ்மியை ஒரு வருடம் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விட்டார். மாதா மாதம் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். வழக்கு முடியும்வரை வகுப்புக்கு வராமலிருப்பது நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் அவன் ஓ.எல். சோதனை எழுதவில்லை. பிறகு வாப்பாவோடு கடலுக்குப் போய், கட்டாருக்குப் போய், லண்டனுக்கு வந்தார். நான் ஓ.எல். எழுதி, ஏ.எல். எழுதி, கல்யாணம் முடித்து, அதே லண்டனுக்கு வந்தேன்.

பத்து வருடச் சிநேகத்தில் ரஸ்மி அதைப்பற்றிச் சொன்னது ஒரே ஒரு வசனம். முதல்நாள் பின்வாசலில், "பிறகு கப்பலைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லாச் சிரித்தார்.

4

ரஸ்மியின் வழக்கறிஞர் ஓர் இளம் பெண். வேகமாகக் கதைக்கிறவர். சொன்னதன் சாரம் இதுதான். முன்பு இதேபோன்ற குற்றம் செய்திருந்தால் தண்டனையைக் கூட்டலாம். ஆனால் எவ்வளவு காலத்துக்கு முன், எந்த வயதில், எந்த நிலைமையில் என்பதையெல்லாம் நீதிபதிகள் நிறுத்துப் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்புப் பிழையை அவர் எடுத்துச் சொல்லுவார். ஆனால் தான் ஓடவில்லை என்று ரஸ்மியே சொன்னால் அது ரஸ்மியின் சொல் மட்டும்தான். அன்றைக்குக் கண்ட யாராவது எழுதித் தந்தால் நல்லது.

கண்டவர்கள் ஐஸ்பழக்காரர், மான், நான். ஐஸ்பழக்காரர் காலமாகிவிட்டார்.

அன்று பின்னேரம் மேசையில் சாப்பாட்டோடு இதை எடுத்தேன். என் பங்கை இன்னும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் தொடங்கினேன். சுதன் யாழ்ப்பாணத்தார், எதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றார். ரஸ்மி நல்ல மனுசன்தான், ஆனால் பொதுவாகச் சட்டம் ஒன்றையும் மறக்கக்கூடாது. மறந்தால் ஏமாத்துக்காரருக்குத்தான் லாபம் என்பது அவர் கட்சி. அபி உடனே எதிர்த்தாள். அவள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கடையில் உதட்டுச்சாயம் எடுத்துப் பிடிபட்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயதாகும்போது அந்தச் சாயத்தை எடுத்து வந்து யாராவது காட்டுவார்களா என்று கேட்டாள். சுதன் யோசித்துவிட்டு, அந்தப் பிள்ளை திருப்பித் திருப்பிச் செய்தால் காட்டத்தான் வேண்டும் என்றார்.

அதில் எனக்கும் சம்மதம்தான். பதினைந்தில் ஒன்று, பதினெட்டில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று என்று வந்தால் அங்கே ஒரு கோடு தெரிகிறது. அதைப் பார்க்காதே என்று நீதிபதியிடம் சொல்ல ஏலாது. ஆனால் ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு கீறமுடியாது. அதோடு, அன்றைக்கு ஓட்டோவில் இரண்டு பிள்ளைகள் இருந்தோம். ஒருவரின் பெயர் கடதாசியில் ஏறியது. மற்றவரின் பெயர் ஏறவில்லை. இருவரும் வளர்ந்தோம், இருவரும் பிள்ளை குட்டியோடு வேலைக்குப் போகிறோம். பிடிபட்டவருக்கு மட்டும் பழக்கம் சுடுகாடு வரைக்கும் வரும் என்றால், பிடிபடாத எனக்கு எது வரைக்கும் வரும்?

அதைத்தான் மேசையில் சொன்னேன். "அந்தத் திறப்பை எடுத்துக் குடுத்தது நான்தான்."

சுதனின் கையில் அப்பளம் அப்படியே நின்றது. முழுக் கதையையும் சொல்லி முடித்தபோது அவரிடம் பழமொழி ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அபிதான் கேட்டாள், "அம்மா, நீங்களா? நீங்க கார் பார்க்கிங்கில கூட ரூல்ஸ் வாசிப்பீங்களே?" அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. பல மாதங்களாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருந்த பிள்ளை, கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். மானின் பகுதியை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள்.

5

கடிதம் எழுதுவதற்கு முதல் அப்பாவுக்குச் சொல்லவேண்டும். அவர் ஊரில் தனியாக இருக்கிறார், எழுபத்தாறு வயது. ஓட்டோவை விட்டுப் பல வருடம். சனிக்கிழமை வட்ஸ்அப்பில் எடுத்தேன். மழை, முட்டுவருத்தம், மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று எல்லாம் கதைத்து முடித்தார். பிறகு சொன்னேன். கடைசியில், "அப்ப திறப்பு?" என்றார்.

"நான்தான் அப்பா எடுத்தனான்."

"சரி, வை" என்று சொல்லி அவரே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுத்தால் மணி அடிக்கும், அவர் எடுக்கமாட்டார்.

கடிதத்தை எழுதினேன். எங்கள் தமிழில் வாகனத்தைச் செலுத்துவதற்கும் காலால் ஓடுவதற்கும் ஒரே சொல்தான் என்பதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த எனக்கு அரைப் பக்கம் ஆகியது. அடிப்பதற்கு இன்னொரு அரைப் பக்கம். பிறகு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையைத் தயவுசெய்து நீதிமன்றத்துக்கு அழைக்கவேண்டாம் என்று கேட்டேன். அழைத்தே தீருவதென்றால் முழுப் பிள்ளையையும் அழையுங்கள். பிழை செய்துவிட்டு ஓடாமல் நின்ற பகுதியையும் சேர்த்து அழையுங்கள் என்றேன். கடைசி வரியாக, அன்றைக்குக் காலால் ஓடியது ஒருவர் மட்டுமே, அது நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ரஸ்மிக்கு முதலில் காட்டினேன். "இது தேவையில்லை வாணி, உங்கட பேர் ஏன் இதுக்குள்ள?" என்று திருப்பித் தந்தார். இருபத்திரண்டு வருடமாக என் பெயரைக் காப்பாற்றியது போதும் என்றேன். கடிதத்தைத் திரும்ப வாங்கி, எழுத்துப்பிழை இருக்குதா என்று தங்கள் மகனிடம் காட்டச் சொல்லி நஸீராவிடம் கொடுத்தார்.

நீதிமன்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண். சுதனும் நானும் பின்வரிசையில் நஸீராவுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அடிபட்ட பெண்ணின் வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. வலியையும் வேலைக்குப் போகாத வாரங்களையும் சொல்லியிருந்தார். தலைக்குக் கீழே வைத்த ஜக்கற்றையும் சொல்லியிருந்தார். பிறகு வழக்கறிஞர் என் கடிதத்தைக் கொடுத்தார். மூவரும் குனிந்து வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் வரிசையைப் பார்த்தார். யாரும் கேட்காமலே நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற காவலர் கதிரையில் இருக்கும்படி மெதுவாகக் கையால் காட்டினார்.

அவர்கள் உள்ளே போய்த் திரும்பி வர இருபது நிமிடம். நடுவில் இருந்தவர் ரஸ்மியைப் பார்த்து, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இத்தனை வருடங்களுக்கு முன் செய்ததை இன்றைய தண்டனையில் தாங்கள் சேர்க்கவில்லை என்றார். இன்றைய பிழையே போதுமான பாரம் என்றார். ஃபோனைப் பார்த்ததற்காக நன்றாகக் கண்டித்தார். சிறை இல்லை. சம்பளமில்லாமல் சமூக வேலை. ஒரு வருடத்துக்கு வாகனம் ஓடக்கூடாது. பிறகு முதலிலிருந்து சோதனை எடுத்துத்தான் ஓடவேண்டும். நஸீரா என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்துவிட்டது.

வெளியே வந்து ரஸ்மி செய்த முதல் வேலை, பஸ் நிறுத்தம் எங்கே என்று கேட்டதுதான். சுதன் அவரைக் கட்டிப்பிடித்துத் தன் காரில் ஏற்றினார்.

6

தீர்ப்பு வந்து மூன்றாம் நாள் காலை அப்பா வீடியோ அழைப்பில் வந்தார். பின்னால் தெரிந்தது எங்கள் வீட்டுச் சுவர் இல்லை. நீலச் சுவர், அதில் அறபெழுத்துப் படம்.

"எங்கை அப்பா நிக்கிறீங்கள்?"

"கிண்ணியாவிலை. ரஸ்மியின்ரை தாய் வீட்டிலை."

பஸ்ஸில் பாலத்தைக் கடந்து, சந்தியில் இறங்கி விசாரித்து, தனியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். ரஸ்மியின் வாப்பா மௌத்தாகி நாலு வருடம். விறாந்தையில் நின்று கெஞ்சிய மனுசனிடம் மன்னிப்புக் கேட்க அப்பாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. உம்மாவிடம் கேட்டிருக்கிறார். உம்மா ஃபோனை வாங்கினார்.

"ஒரு புள்ளயும் ஓட்டோவில இருந்திச்சு எண்டு அவன் அண்டைக்கே என்னட்டச் சொன்னவன். ஆரெண்டு நான் கேக்கல்ல. நல்லாயிருக்கியா மகள்?"

நல்லாயிருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன். அப்பா ஃபோனைத் திரும்ப வாங்கினார்.

"கோட்டிலை என்னவாம் சொன்னவை?"

சொன்னேன். சரியான தீர்ப்பு என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். ஓட்டோவில் ஏறுகிற ஆட்களுக்குச் சட்டம் சொன்ன அதே செருமல்.

"பதினைஞ்சு வயதிலை செய்ததுக்கு உனக்கு ஒண்டும் இல்லை. அதை இவவும் நானும் கதைச்சு விட்டிட்டம். ஆனா பிறகு வளந்து, கல்யாணம் முடிச்சு, பிள்ளையும் பெத்து, இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தியே. அது பிள்ளை செய்ததில்லை, வளந்த ஆள் செய்தது. அதுக்கு நீ இங்கை வந்து, இவவுக்கு முன்னாலை நிண்டு, உன்ரை வாயாலை சொல்லவேணும்."

"எப்ப வரட்டும்?"

"பள்ளிக்கூட லீவுக்கு வா. பேத்தியையும் கூட்டிக்கொண்டு."

பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. வரும்போது ஒன்றும் வாங்கி வரவேண்டாமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வரட்டுமாம்.

அன்றைக்கே டிக்கெட் போட்டேன். தண்டனைக்குப் போகிற ஆளுக்கு இவ்வளவு சந்தோசம் வரலாமா என்று தெரியவில்லை. இலங்கை விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்த்தல் என்று கீழே போட்டிருந்தார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்க, அபி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து மூன்றாவதை அழுத்தினாள்.

"தாத்தாவைச் சொல்லுறியா?" என்று கேட்டேன்.

"அந்த உம்மாவையும்தான்" என்றாள்.